ராகிங் இல்லாத விடுதியில் மூத்தவர்களும் புதியவர்களும் பழகுவது எப்படி?

கேள்வி: விடுதிச் செயலாளர்

வணக்கம். திருச்சிக்கு அருகில் ஒரு பொறியியல் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். இந்த ஆண்டு விடுதிச் செயலாளராகத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். முதலாம் ஆண்டு மாணவர்கள் தனிக் கட்டடத்தில் தங்கி, தனி நேரத்தில் சாப்பிடுகிறார்கள். அங்கே நாங்கள் போகக் கூடாது. ராகிங்கைத் தடுக்க இந்த ஏற்பாடு தேவை என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் மறு ஆண்டு எங்கள் கட்டடத்துக்கு வரும்போது அவர்கள் யார் என்றே எங்களுக்குத் தெரிவதில்லை. பொங்கலுக்கு ஊருக்குப் புறப்படும் முந்தைய நாள் முற்றத்தில் பானை வைப்பது எங்கள் வழக்கம். சென்ற முறை அடுப்பு மூட்டக்கூட ஐந்து பேர்தான் வந்தோம். விடுதி நாள் விழாவும் அப்படித்தான் நடந்து முடிந்தது. யாரையும் வற்புறுத்தாமல் இந்த வழக்கங்களை அடுத்தவர்களிடம் சேர்ப்பது எப்படி?

மறுமொழி 1: பழைய மாணவர்

தம்பி, நான் 1993இல் விடுதியில் சேர்ந்தவன். மூத்தவர்களை 'சார்' என்றுதான் அழைக்க வேண்டும், சட்டையின் மூன்றாவது பொத்தானைப் பார்த்தபடிதான் பேச வேண்டும் என்பவற்றையெல்லாம் அன்று மரபு என்றே சொன்னார்கள். என் அறைத் தோழன் மூன்றாம் வாரமே பெட்டியோடு ஊருக்குப் போனான், திரும்பவில்லை. 1996இல் அண்ணாமலை நகரில் முதலாம் ஆண்டு மருத்துவ மாணவர் ஒருவர் மூத்த மாணவரால் கொல்லப்பட்ட பிறகுதான், 1997இல் தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் வந்தது. இரண்டு ஆண்டு வரை சிறையும் 10,000 ரூபாய் வரை அபராதமும் அதில் உண்டு. ஆகவே தனிக் கட்டடத்தைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் 2009இல் பல்கலைக்கழக மானியக் குழு கொண்டுவந்த ஒழுங்குமுறை, புதியவர்களை இயன்றவரை தனிப் பகுதியில் வைக்கச் சொல்வதோடு நின்றுவிடவில்லை; ஆசிரியர்கள் முன்னிலையில் இரு தரப்பும் பழகுவதற்குக் கலை, விளையாட்டு நிகழ்ச்சிகளைப் பெரிய அளவில் நடத்தவும் சொல்கிறது. வார்டனிடம் அந்தப் பகுதியைக் காட்டிப் பேசுங்கள்.

எங்களை உண்மையில் இணைத்தது மெஸ்தான். எங்களுடையது டிவைடிங் முறை: மாதச் செலவு முழுவதையும் எல்லோரும் சாப்பிட்ட நாள்களின் கூட்டுத்தொகையால் வகுத்தால் ஒரு நாள் விலை வரும், அவரவர் நாள்களால் பெருக்கினால் அவரவர் பில். மெஸ் கமிட்டியில் ஆண்டுக்கு இருவர் இருப்போம்; முதலாம் ஆண்டுக்கும் இடம் உண்டு. வாரம் இரு முறை விடிவதற்கு முன் காய்கறிச் சந்தைக்குப் போவோம். தக்காளிக் கூடையில் மேலே இருப்பவை நன்றாகத்தான் இருக்கும், கையை அடிவரை விட்டுப் பார்க்க வேண்டும் என்று ஓர் இறுதியாண்டு அண்ணன் எனக்குக் காட்டித் தந்தார். என் கையில் சாறு வழிய, அந்தக் கூடையை நானே திருப்பிக் கொடுக்கும்வரை பேசாமல் நின்றார். அன்று முதல் அவர் எனக்கு 'சார்' இல்லை, அண்ணன். அரிசி மூட்டையை எடை போட்டு இறக்கும்போது சேர்ந்து கணக்கு எழுதுகிறவர்களுக்கு வேறு அறிமுக நிகழ்ச்சி தேவைப்படாது. இன்று பல கல்லூரிகளில் மெஸ்ஸை ஒப்பந்தக்காரரிடம் விட்டுவிட்டார்கள். விடுதி வாழ்க்கையில் பெரிய இழப்பு அதுதான் என்பது என் எண்ணம்.

மறுமொழி 2: மகளிர் விடுதியில் இருந்தவள்

அண்ணன் சொல்வது சரிதான், ஆனால் எங்களுக்கு அந்தச் சந்தை வாய்த்ததே இல்லை. எங்கள் விடுதிக் கதவைக் காலை ஆறு மணிக்கு முன் திறக்க மாட்டார்கள். எந்த யோசனையையும் மகளிர் விடுதிக்கும் பொருந்துமா என்று பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். எங்கள் வழக்கம் வேறு. வரைபலகை, டிராஃப்டர் என்ற வரைகருவி, லேப் கோட், வாளி, பழைய வினாத்தாள்கள் என்று இனித் தேவைப்படாதவற்றை இரண்டாம் ஆண்டு அக்காக்கள் பெயர் எழுதி வார்டன் அறைக்கு வெளியே ஒரு மேசையில் வைத்துவிடுவார்கள். வேண்டியதை எடுத்துக்கொண்ட பிறகு, விருப்பம் இருந்தால் மட்டும் அந்த அக்காவைப் போய்ப் பார்க்கலாம். எனக்குக் கிடைத்த டிராஃப்டரில் ஐந்து பெயர்கள் கீறப்பட்டிருந்தன. முதல் பெயருக்குரிய அக்காவை நான் பார்த்ததே இல்லை. ஆனாலும் என் பெயரை ஆறாவதாக எழுதிய அன்றுதான் அது என் விடுதி என்று தோன்றியது.

மறுமொழி 3: சென்னைவாசி

சென்னை ஐஐடியில் காவேரி, நர்மதா, கோதாவரி என்று விடுதிகளுக்கு ஆறுகளின் பெயர்கள். விடுதிகளுக்கு இடையே ஷ்ரோட்டர் என்ற விளையாட்டுப் போட்டியும் லிட்சாக் என்ற கலை இலக்கியப் போட்டியும் நடக்கின்றன. மூத்தவர்களுக்கு எதிராகப் புதியவர்களை நிறுத்தாமல் ஒரே அணியில் சேருங்கள். கைப்பந்து அணியில் ஒவ்வொரு ஆண்டு மாணவர்களிலிருந்தும் இருவர் என்று விதி வைத்தாலே போதும்.

கேள்வி கேட்டவர்

அண்ணா, அக்கா, எல்லோருக்கும் நன்றி. எங்கள் மெஸ் ஒப்பந்தக்காரரிடம்தான் இருக்கிறது, ஆனால் சாமான் இறக்கும்போது எடை பார்க்க மாணவர்களுக்கு உரிமை உண்டு. அதற்கு முதலாம் ஆண்டிலிருந்து இருவரைச் சேர்க்க இன்று வார்டனிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன். பொங்கல் பானையை இந்த முறை முதலாம் ஆண்டுக் கட்டடத்தின் முற்றத்திலேயே வைக்கிறோம், வார்டன் குடும்பத்தோடு வருகிறார். டிராஃப்டர் மேசையை அடுத்த ஜூலையில் தொடங்குகிறோம். மகளிர் விடுதிச் செயலாளரிடமும் பேசிவிட்டேன். அவர்கள் கேட்பது முதலில் அந்த ஆறு மணிக் கதவைத்தான்.