ஹோமில் (ஆதரவற்ற குழந்தைகள் இல்லத்தில்) வளர்ந்த பெண் பிள்ளைகள்: உங்கள் மனதை விட்டுப் போகாத சம்பவம் எது?

நாகை வாசகி
போன ஜூன். நான் கணக்கு சொல்லிக் கொடுத்த பிள்ளை பிளஸ் டூ முடித்திருந்தாள், கல்லூரியில் சேர்க்கக் கூட்டிப் போனேன். கவுன்ட்டரில் சாதிச் சான்றிதழ் கேட்டார்கள். டிசி, ஆதார், குழந்தைகள் நலக் குழுவின் ஆணை என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். "அதெல்லாம் சரிம்மா, அப்பா கம்யூனிட்டி என்ன?" வரிசையில் பாதிப் பேர் அப்பாவோடு நின்றார்கள். இவள் தாள்களை அடுக்கி, ஓரங்களைத் தட்டிச் சரிசெய்து, ஃபைலில் திரும்ப வைத்தாள். அப்புறம் என் காதருகே, "மிஸ், நம்ம ஹோம் பேரையே போட்டுக்கக் கூடாதா?" என்றாள். ஓ.சி. என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தோம். இன்னும் உறுத்துகிறது.

ஓய்வுபெற்ற ஆர்.ஐ.
ஓ.சி. எழுதியது தப்பும்மா. வருவாய் ஆய்வாளராக இருந்த என் சர்வீஸிலும் இப்படி ஒரு பிள்ளை அழுதுகொண்டே திரும்பிப் போயிருக்கிறது. தமிழ்நாட்டு பி.சி. பட்டியலிலேயே இதற்கு இடம் உண்டு. 10 வயதுக்குள் பெற்றோரை இழந்து, பார்த்துக்கொள்ள வேறு யாரும் இல்லாமல், அரசு இல்லத்திலோ அங்கீகாரம் பெற்ற இல்லத்திலோ சேர்க்கப்பட்ட பிள்ளைகள் பி.சி.தான். நலக் குழு ஆணையை வைத்துத் தாலுகா ஆபீசில் கேளுங்கள். கடைசி நேரத்தில் ஓடாமல் எட்டாவது படிக்கும்போதே வாங்கி வைக்க வேண்டும். ஆறிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளி என்றால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும், அதையும் விடாதீர்கள். 18 முடிந்ததும் பெட்டியைக் கட்டச் சொன்னால் உடனே கிளம்பக் கூடாது. 2015 சிறார் நீதிச் சட்டத்தில் 21 வயது வரை ஆஃப்டர் கேர், அதாவது இல்லத்தை விட்டு வந்த பிறகும் கிடைக்கும் உதவி இருக்கிறது, எழுதிக் கேளுங்கள்.

ட்ரங்க் பெட்டி
ஐயா, எழுதிக் கேட்பது யார்? 18 வயதில் ஒரு பிள்ளைக்கு இதையெல்லாம் யார் சொல்கிறார்கள்? எனக்கு எல்லாத் தாளும் சரியாக இருந்தது. வேலைக்குச் சேர்ந்து லேடீஸ் ஹாஸ்டலில் தங்கினேன். அவசரத்துக்கு யார் நம்பர் என்று ஃபாரத்தில் கேட்டார்கள். ஹோம் லேண்ட்லைனை எழுதினேன், வேறு நம்பர் எனக்குத் தெரியாது. டைபாய்டு வந்து கிடந்தபோது அதற்குத்தான் போன் போட்டார்கள். எடுத்தவர் புது வார்டன். ஸ்பீக்கரில் கேட்டது: "அந்தப் பேர்ல இங்க யாரும் இல்லையே."

கடலோரம்
எல்லா இல்லமும் அப்படியில்லை சகோதரி. சுனாமிக்குப் பிறகு நாகை ஆட்சியராக இருந்த ராதாகிருஷ்ணன், அங்கே அன்னை சத்யா இல்லத்தில் வளர்ந்த பெண்ணின் கல்யாணத்துக்கு 2022-ல் வந்து நின்றாரே.

ட்ரங்க் பெட்டி
சந்தோஷம்தான் அண்ணா. அவர் கலெக்டர். நான் இருந்த 11 வருஷத்தில் எட்டு வார்டன் மாறினார்கள். ஒருவராவது நிலைத்திருந்தால் அந்த போனில் என் பேர் தெரிந்திருக்கும்.

நாகை வாசகி
என் நம்பரை இன்றைக்கே அவள் ஹாஸ்டல் ஃபாரத்தில் எழுதச் சொல்லிவிட்டேன். ஆர்.ஐ. ஐயா, ஒரு சந்தேகம். அவளுக்கு அம்மாவும் போனபோது வயது 11. அப்போது அந்த பி.சி. கிடைக்காதா?