ஒரு குளிக்கு எத்தனை யூனிட்?

தக்கலை வாசகி:
வாடகை வீடு, கீழே வீட்டுக்கார அக்கா, மாடிக்குத் தனி மீட்டர் கிடையாது. மாடிக் கரண்ட் கணக்கை அக்காவே எழுதுவார்; மற்றது உங்களுக்கே தெரியும். "ஹீட்டர் இரண்டாயிரம் வாட் ஆக்கும் மக்களே, ஒரு குளிக்கு இரண்டு யூனிட்" என்று எழுதிக்கொண்டே வந்தார். ஒரு நாள் அவரை மீட்டருக்கு முன்னால் நிறுத்திவிட்டு ஹீட்டரைப் போட்டேன். ஒரு யூனிட்டுக்கு 3200 துடிப்பு என்று அச்சடித்த மீட்டர். சிவப்பு விளக்கு நொடிக்கு இரண்டு தடவை போலப் படபடத்தது. பத்து நிமிடத்தில் அணைத்தேன்; விளக்கு சோம்பலாகிவிட்டது. ஆயிரம் வாட் (ஒரு கிலோவாட்) ஒரு மணி நேரம் ஓடினால்தான் ஒரு யூனிட்; கணக்குப் பார்த்தால் மூன்றில் ஒரு பங்கு யூனிட். "மீட்டரில் ஏதோ கோளாறு" என்று சொல்லிவிட்டு அக்கா உள்ளே போய்விட்டார்.

குழித்துறைக்காரன்:
யூனிட் என்பதே கடைப் பேச்சு. முறையான அலகு ஜூல். வாட் என்றால் நொடிக்கு ஒரு ஜூல்; ஒரு யூனிட் 36 இலட்சம் ஜூல். இதை முதலிலேயே சொல்லியிருந்தால் சண்டை ஏது?

நாகர்கோவில் அண்ணாச்சி:
தம்பி இன்னும் மின்கட்டணம் கட்டியதில்லை போலும். 200 யூனிட் என்றால் 72 கோடி ஜூல். அதை அட்டையில் எழுதினால் என் அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொள்வார். எனக்கு நடந்தது சின்ன விஷயம்: ஃபிரிட்ஜ் கடையில் "நூற்றைம்பது வாட்தான் சார்" என்று அடித்துப் பேசினார்கள். ஃபிரிட்ஜுக்கு வாட்டைக் கேட்காதீர்கள், அதன் கம்ப்ரசர் ஓடும், நிற்கும். நட்சத்திரச் சீட்டில் ஆண்டுக்கு எத்தனை யூனிட் என்று போட்டிருக்கும். ஆறால் வகுத்தால் நம் இரண்டு மாதக் கணக்கு. மோட்டாருக்கு ஒரு குதிரைத்திறன் 746 வாட், இழுப்பது அதைவிடக் கூடுதல். இரவு பகலாக எரியும் சின்னச் சாமான்களுக்கு வாட் மணி போதும்: பத்து வாட் வைஃபை பெட்டி நாளுக்கு 240 வாட் மணி, அறுபது நாளில் 14 யூனிட்டுக்கு மேல். இலவச யூனிட்டில் அதுவும் சேர்த்தி!

ஆரல்வாய்மொழி:
முப்பந்தலைத் தாண்டும்போது பஸ்ஸில் சென்னை மச்சான் ஒரு காற்றாலையைக் காட்டி அதன் திறனைக் கேட்டார். "250 கிலோவாட்" என்றேன். "அப்படியானால் ஒரு நாளைக்கு 250 யூனிட்" என்று கைப்பேசியில் பெருக்க ஆரம்பித்துவிட்டார். நல்ல காற்றில் ஒரு மணி நேரத்திலேயே அது வந்துவிடும் என்றேன். அசையாமல் நின்ற இன்னொன்றைக் காட்டி, "அது?" என்றார். அதுவும் 250 கிலோவாட்தான், யூனிட் பூஜ்யம் என்றதும், கேலி செய்கிறேன் என்று நினைத்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். குழித்துறைக்காரர் வந்து அவருக்கு ஜூலில் விளக்கட்டும்.