மருத்துவர் வீட்டு நாய் சொன்னால் கேட்குமா?

வாசற்படி கேட்கிறார்:

வணக்கம். என் வீட்டு நாய் மணிக்கு வரும் மாதத்தோடு பன்னிரண்டு வயது நிறைகிறது. சென்ற வாரம் தடுப்பூசிக்காக அதை மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன். வழக்கம்போல் அது மேசைக்கு அடியில் புகுந்துகொண்டது. வழக்கம்போல் நான் அதனிடம் கெஞ்சினேன். மருத்துவரோ தரையில் சம்மணமிட்டு அமர்ந்து, அது தானாக வெளியே வரும் வரை என்னோடு பேசிக்கொண்டிருந்தார். "உங்கள் வீட்டு நாய் நீங்கள் சொன்னால் கேட்குமா டாக்டர்?" என்று கேட்டேன். "அது யார் சொன்னாலும் கேட்காது, நான் சொன்னால் கட்டாயம் கேட்காது" என்று சிரித்தார்.

வீடு திரும்பியதிலிருந்து ஒரு கேள்வி மனத்தை விட்டு அகலவில்லை. மணி ஒருமுறை இருமினால் நான் இரவெல்லாம் கைப்பேசியில் இதய நோய்களைப் பற்றிப் படிக்கிறேன். அது ஒரு வேளை உணவை மிச்சம் வைத்தால் எனக்குச் சாப்பாடு இறங்குவதில்லை. மருத்துவம் படித்தவர்களுக்கு இந்தப் பாடு இராது என்றுதான் இதுவரை நினைத்திருந்தேன். இங்கே எழுதும் கால்நடை மருத்துவர்களைக் கேட்கிறேன்: உங்கள் வீட்டுப் பிராணிகளோடு உங்கள் வாழ்க்கை எப்படிப்பட்டது? தெரிந்திருப்பதால் பயம் குறைகிறதா? ஏழால் பெருக்கினால் மணிக்கு எண்பத்து நான்கு வயது என்று வேறு சொல்கிறார்கள்.

பழைய ஸ்டெதஸ்கோப்:

முதலில் அந்த ஏழாம் வாய்ப்பாட்டை ஓரமாக வையுங்கள். நாய் தன் முதல் ஆண்டு முடிவதற்குள்ளாகவே குட்டி போடும் பருவத்தை எட்டிவிடுகிறது. எந்த ஏழு வயதுக் குழந்தையும் அப்படி வளர்வதில்லை. லாப்ரடார் நாய்களின் மரபணுவில் வயது ஏற ஏறப் படியும் வேதிக்குறிகளை மனிதர்களுடையவற்றோடு ஒப்பிட்டு 2020இல் வெளியான ஆய்வும், இளமையில் நாய்க்கு வயது மிக விரைவாக ஏறுகிறது, பின்னர் அந்த வேகம் தணிகிறது என்றே காட்டியது. போதாக்குறைக்கு, பெரிய உடல் கொண்ட இனங்கள் சிறிய இனங்களுக்கு முன்பே மூப்படைகின்றன. மணி எவ்வளவு பெரிய நாய் என்று நீங்கள் எழுதவில்லை. சிறியதாக இருந்தால், பன்னிரண்டு என்பது தாத்தா வயதுதான், கொள்ளுத்தாத்தா வயதன்று.

நான் இத்தொழிலுக்கு வந்து இருபத்தேழு ஆண்டுகள் ஆகின்றன. என் வீட்டுக்கு வந்த பிராணிகள் எவையும் நான் தேடித் தேர்ந்தெடுத்தவை அல்ல. பின்னங்கால் முறிந்து வந்து, கட்டுப் பிரிக்கும் நாளில் உரிமையாளர் தலைகாட்டாததால் தங்கிவிட்ட சிப்பாய் என்ற நாய். ஒற்றைக் கண்ணோடு வந்த ராணி என்ற பூனை. "ஒரு வாரம் மட்டும் வைத்திருங்கள்" என்று ஒருவர் விட்டுச் சென்று, அந்த ஒரு வாரம் இன்னும் முடியாமல் ஆறாம் ஆண்டில் நடந்துகொண்டிருக்கும் முயல். விலைபோகாத சரக்கெல்லாம் கடைக்காரர் வீட்டுக்கே வந்து சேரும் என்று என் மனைவி சொல்வதுண்டு.

தெரிந்திருப்பதால் ஆகும் பயனைப் பற்றிக் கேட்டீர்கள். செருப்பைக் கடித்துக் குதறிவிட்டுக் காதைத் தாழ்த்தி, கண்ணை ஒதுக்கி நிற்கும் நாயின் முகம் குற்றவுணர்வைக் காட்டுவதன்று, எசமானின் கோபத்துக்கு அது தரும் பதில்தான் என்பதை அலெக்சாண்ட்ரா ஹொரோவிட்ஸ் 2009இல் வெளியிட்ட சோதனை எடுத்துக்காட்டியது. ஒரு தவறும் செய்யாத நாயைத் திட்டினாலும் அதே முகம்தான் வரும். இதை நான் மாணவர்களுக்குப் பாடமாகவே எடுத்திருக்கிறேன். அப்படிப் பாடம் எடுத்த நாளின் மாலையில், என் புதுச் செருப்பின் மிச்சத்துக்கு முன்னால் நின்ற சிப்பாயின் முகத்தைப் பார்த்துவிட்டு, "பாவம், மனம் வருந்துகிறான், விட்டுவிடு" என்று மனைவியிடம் பரிந்து பேசியவனும் நானே.

ராணியின் கதை இவ்வளவு வேடிக்கையானதன்று. பதின்மூன்று வயதில் அவள் குளியலறைக் குழாயில் சொட்டும் நீரை நாவால் ஏந்திக் குடிக்கப் பழகினாள். அதைப் படம்பிடித்து உறவினர்கள் எல்லோருக்கும் அனுப்பி மகிழ்ந்தோம். வயதான பூனை வழக்கத்தைவிட மிகுதியாகத் தண்ணீர் குடித்தால் சிறுநீரகத்தைச் சோதித்துவிட வேண்டும் என்று என் மேசைக்கு எதிரே அமர்ந்தவர்களிடம் நான் சொல்லாத வாரமே இருந்திருக்காது. ஆனால் என் வீட்டுக் குளியலறையில் நடந்தது எனக்கு விளையாட்டாகவே தெரிந்தது. நான்கு மாதங்கள் கழித்து, என்னிடம் பயிற்சிக்கு வந்திருந்த மாணவி அந்தப் படத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு, சற்றுத் தயங்கி, "சார், கிரியாட்டினின் பார்த்தீர்களா?" என்று கேட்டாள். சிறுநீரகம் இரத்தத்திலிருந்து வெளியேற்ற வேண்டிய கழிவுப்பொருள் அது. அன்று மாலையே பார்த்தேன். இரத்தத்தில் கிரியாட்டினின் உயர்ந்து தெரியும் நேரத்தில் சிறுநீரகங்களின் செயல்திறனில் ஏறத்தாழ முக்கால் பங்கு போயிருக்கும் என்று பாடநூலில் படித்த வரியை, முடிவுத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, புதிதாகப் படிப்பவனைப் போல் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதன் பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் அவளுக்கு வீட்டிலேயே தோலுக்கடியில் நீரேற்ற வேண்டியிருந்தது. "பத்து நிமிட வேலைதான், நீங்களே செய்துவிடலாம்" என்று எத்தனையோ பேருக்குச் சொல்லி அனுப்பியவன் நான். முதல் நாள் இரவு எங்கள் வீட்டில் அந்த வேலைக்கு மூன்று பேரும் ஒரு பெரிய துண்டும் ஐம்பது நிமிடமும் தேவைப்பட்டன. நீரில் பாதி என் சட்டைக்குப் போயிற்று. கட்டு ராணிக்குப் போடவில்லை, என் கட்டைவிரலுக்குப் போட்டோம். அன்று முதல் பத்து நிமிடம் என்று நான் யாருக்கும் சொல்வதில்லை. நோய் தெரிந்த பிறகு ராணி இரண்டாண்டுகளுக்குச் சற்றுக் குறைவாக வாழ்ந்தாள்.

ஆகவே, பிறர் வீட்டுப் பிராணிகள் விஷயத்தில் பயம் குறையத்தான் செய்கிறது. சொந்த வீட்டில் நான் மருத்துவன் என்பதையே மறந்துவிடுகிறேன், அதுவும் நினைவிருக்க வேண்டிய நாட்களாகப் பார்த்து.

மணியின் இருமலுக்காக ஒன்று சொல்கிறேன். அது ஆழ்ந்து உறங்கும்போது மார்பு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணிப் பாருங்கள். ஏறி இறங்குவது இரண்டும் சேர்ந்தால்தான் ஒன்று. உறக்கத்தில் முப்பதுக்குக் கீழே இருப்பது இயல்பு. தொடர்ந்து முப்பதைத் தாண்டினால் கைப்பேசியை வைத்துவிட்டு மருத்துவரிடம் செல்லுங்கள். முப்பதுக்குள் இருந்தாலும் இருமல் நிற்காமல் தொடர்ந்தால் காட்டிவிடுவது நல்லது.

மருத்துவர் வீட்டம்மா:

நான் மருத்துவர் அல்லேன், ஒருவரை மணந்தவள். ஆகையால் இந்தக் கேள்விக்கு அவர்களைவிட நேர்மையாக விடை சொல்ல என்னால் முடியும்.

எங்கள் மகனுக்கு நான்கு வயதில் ஒருநாள் உடம்பு அனலாகக் கொதித்தது. வெப்பமானியைப் பார்த்து, "102 இருக்கிறது" என்று பதறினேன். நாளிதழிலிருந்து தலையை நிமிர்த்தாமல், "இயல்பான அளவுதானே" என்றார் என் கணவர். நாய்க்கு 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இயல்பு என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன். இன்றுவரை மறக்கவில்லை, அவரையும் மறக்க விடவில்லை. உறவினர் வீட்டு விருந்துகளில் சாப்பாட்டுத் தட்டோடு நிற்பவரிடம் தம் நாயின் மலத்தைப் படம்பிடித்து வந்து நீட்டுபவர்கள் உண்டு. அவரும் ஒரு கையில் தட்டைப் பிடித்தபடி, படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, "சளி கலந்திருக்கிறதே" என்று ஆர்வமாகச் சொல்வார். அருகில் நிற்பவர்கள் மெல்ல வேறு பக்கம் நகர்வார்கள்.

சில மாலைகளில் வண்டியை நிறுத்திய பிறகும் இறங்காமல் உள்ளேயே சற்று நேரம் அமர்ந்திருப்பார். வெகுநாள் பழகிய ஏதோ ஒரு பிராணியை அன்று வழியனுப்பியிருக்கிறார் என்று எனக்குத் தெரியும், கேட்பதில்லை. எங்கள் நாய் மட்டும் போய் வண்டிக் கதவைப் பிராண்டும்.

மூன்று பூனை:

பழைய ஸ்டெதஸ்கோப் ஐயா எழுதியதைப் படித்தபோது ஒருபுறம் ஆறுதலாகவும் மறுபுறம் கோபமாகவும் இருந்தது. நான்கு ஆண்டுகளுக்கு முன் காய்ச்சலில் கிடந்த என் பூனைக்கு நான் அரைப் பாரசிட்டமால் கொடுத்துவிட்டேன் என்று சொன்னதற்கு, ஒரு மருத்துவர் காத்திருப்போர் அனைவருக்கும் கேட்கும்படி என்னை வைதார். பூனை பிழைத்துவிட்டது. நான் அந்த இடத்துக்கு மீண்டும் போகவில்லை. மருத்துவர்களே தம் வீட்டுப் பூனை விஷயத்தில் தவறுவார்கள் என்றால், அறியாமல் செய்த எங்களிடம் மட்டும் ஏன் அவ்வளவு கடுமை?

இரவுப்பணி:

மூன்று பூனை அம்மா, அந்த மருத்துவர் குரலை உயர்த்தியது தவறு. ஆனாலும் அவர் எதைக் கண்டு பதறினார் என்பதைச் சொல்லிவிடுகிறேன். நம் கல்லீரல் பாரசிட்டமாலை ஒரு வேதிப்பொருளோடு பிணைத்து வெளியேற்றிவிடுகிறது. பூனையின் கல்லீரலுக்கு அந்த வழி மிகவும் குறைவு. தேங்கும் மருந்து நஞ்சாக மாறி, இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் ஆற்றலைக் கெடுக்கிறது. ஈறுகள் பழுப்பு நிறமாகும், முகமும் பாதங்களும் வீங்கும், மூச்சு முட்டும். நாம் தலைவலிக்கு விழுங்கும் 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றே ஒரு பூனையைக் கொல்லப் போதும். உங்கள் பூனை பிழைத்தது நீங்கள் உடனே கொண்டு சென்றதாலும், என்ன கொடுத்தீர்கள் என்பதை மறைக்காமல் சொன்னதாலும் இருக்கலாம். அந்த உண்மையைச் சொன்னவரைத் திட்டினால், அடுத்தவர் சொல்லாமல் மறைப்பார். இதை நானும் என் முதல் ஆண்டில் சிலரைத் திட்டிய பிறகே உணர்ந்தேன்.

வாசற்படி அவர்களின் கேள்விக்கு என் அனுபவம் ஒன்று. சென்ற ஆண்டு என் நாய் என் பையைத் திறந்து ஒரு முழுக் கறுப்புச் சாக்லேட்டைத் தின்றுவிட்டது. சாக்லேட்டில் உள்ள தியோபுரோமின் நாய்க்கு நஞ்சு; பால் சாக்லேட்டைவிடக் கறுப்பில் அது மிகுதி. நாயின் எடையைக் கொண்டு கணக்கிட்டு, வாந்தி வரவழைக்க வேண்டுமா என்று முடிவு செய்வதை நான் பணியில் இருக்கும் இரவுகளில் அரைத் தூக்கத்திலும் செய்திருக்கிறேன். அன்று வகுத்தல் கணக்குப் போட வரவில்லை. உடன் படித்த தோழியைத் தொலைபேசியில் அழைத்து என்ன செய்வது என்று கேட்டேன். "உனக்குத் தெரியாதா?" என்றாள். "தெரியும், நீ சொல்" என்றேன். அவள் பொறுமையாக, முதலாம் ஆண்டு மாணவனுக்குச் சொல்வதுபோல் சொன்னாள். நாய் வாந்தி எடுத்துவிட்டு நன்றாக உறங்கியது. நான்தான் விடியும் வரை அதன் நாடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வாசற்படி:

எல்லோருக்கும் நன்றி. கேட்கத் தயங்கிய ஒன்றையும் கேட்டுவிடுகிறேன். பழைய ஸ்டெதஸ்கோப் ஐயா, சிப்பாயைப் பற்றி எழுதும்போதெல்லாம் நீங்கள் இறந்த காலத்திலேயே எழுதியிருக்கிறீர்கள். நேரம் வந்துவிட்டது என்பதை எப்படி முடிவு செய்தீர்கள்?

பழைய ஸ்டெதஸ்கோப்:

கூர்ந்து படித்திருக்கிறீர்கள்.

ஆலிஸ் வில்லலோபோஸ் என்ற கால்நடைப் புற்றுநோய் மருத்துவர் இதற்காகவே ஓர் அளவுகோல் வகுத்திருக்கிறார். வலி, பசி, உடலின் நீர்ச்சத்து, தூய்மை, மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாட்களைவிட நல்ல நாட்கள் மிகுதியா என்பது ஆகிய ஏழுக்கும் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் இட வேண்டும். எழுபதுக்கு முப்பத்தைந்தைத் தாண்டினால் பராமரிப்பைத் தொடரலாம் என்பது அதன் கணக்கு. உரிமையாளர்களுக்கு நானே அந்தத் தாளைக் கொடுத்து நிரப்பச் சொல்வேன். பதினைந்தாம் வயதில் சிப்பாய் எழுந்து நிற்க முடியாமல் போனபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அமர்ந்து மதிப்பெண் இட்டேன். நாற்பத்து நான்கு வந்தது. அதே நாளில் என்னுடன் பணிபுரியும் மருத்துவரையும் வந்து பார்க்கச் சொன்னேன். அவர் இட்டது இருபத்தொன்பது. தேர்வு எழுதியவனின் தகப்பனே விடைத்தாளைத் திருத்தினால் எப்படி இருக்கும்? மகிழ்ச்சி என்ற கட்டத்தில் நான் ஒன்பது போட்டிருந்தேன். ஏன் என்று அவர் கேட்டபோது, "என்னைப் பார்த்தால் வாலை ஆட்டுகிறானே" என்றேன். அவர் எதுவும் சொல்லாமல் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

இதைக் கருணைக்கொலை என்று தமிழில் வழங்குகிறோம். அந்தச் சொல்லில் கொலை இருப்பதைப் பற்றி உரிமையாளர்கள் என்னிடம் வருந்தும்போது, முதலில் உறக்க மருந்து, அது ஆழ்ந்து உறங்கிய பிறகே இரத்தக் குழாய் வழியாக அளவுக்கு மிஞ்சிய மயக்க மருந்து என்று விளக்குவேன். கண்கள் திறந்தே இருக்கும், மூடிப் பார்த்தாலும் மூடா, அதைக் கண்டு கலங்க வேண்டாம் என்றும் முன்கூட்டியே சொல்லிவிடுவேன். மறுநாள் காலையில் என் வீட்டுக் கூடத்தில் நண்பர் ஊசியை எடுத்தபோது, "வலிக்குமா டாக்டர்?" என்று கேட்டேன். பெயர் சொல்லி அழைக்கும் பழக்கமுள்ளவரை அன்றுதான் முதன்முறையாக டாக்டர் என்று அழைத்தேன். அவர் நான் வழக்கமாகச் சொல்லும் விளக்கத்தை முதல் சொல்லிலிருந்து கடைசிச் சொல் வரை எனக்குச் சொன்னார். எல்லாம் முடிந்த பிறகு, சிப்பாயின் கண்களை நான் மூன்று முறை மூடிப் பார்த்தேன்.

மணிக்கு இப்போது அந்தத் தாள் தேவையில்லை. தடுப்பூசிக்குப் பயந்து மேசைக்கு அடியில் புகும் அளவுக்கு உடம்பில் தெம்பு இருக்கிறது. மூச்சை எண்ணினீர்களா?

வாசற்படி:

நேற்றிரவு எண்ணினேன் ஐயா. பதினெட்டு. நம்பிக்கை வராமல் மீண்டும் எண்ணினேன், பத்தொன்பது. ஒன்று கூடிவிட்டதே என்று மூன்றாம் முறை குனிந்து எண்ணத் தொடங்கினேன். மணி விழித்துக்கொண்டு, என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, எழுந்து போய் அடுத்த அறையில் படுத்துக்கொண்டது.