62ல கொழும்பில போட்ட இந்தியா-சைனா யோசனை ஏன் சரிவரேல்ல?

வெள்ளவத்தைப் பொடியன்:
வணக்கம். கம்பஸில அடுத்த கிழமை எனக்கு பிரசன்டேஷன். இந்திய-சீன யுத்தம் முடிஞ்ச கையோட அப்ப இலங்கைப் பிரதமரா இருந்த சிறிமாவோ அம்மையார் பர்மா, கம்போடியா, இந்தோனேசியா, எகிப்து, கானா ஐஞ்சையும் கூப்பிட்டு 1962 டிசம்பர் 10ல இருந்து 12 வரை இங்க கூட்டம் வச்சவ எண்டு நோட்ஸில கிடக்கு, யோசனையும் குடுத்தவை, பிறகு சத்தமே இல்ல. எனக்கு விளங்காதது என்னெண்டா நவம்பர் 21லயே சைனா சண்டையை நிப்பாட்டுறம், பின்னாலயும் போறம் எண்டு தானா அறிவிச்சிட்டுது, பிறகு என்னத்தை இருந்து கதைக்கிறது? மற்றது, கூட்டம் நடந்தது பீஎம்ஐசிஎச்லயா, அதுதான் கொழும்பு பண்டாரநாயக்க மாநாட்டு மண்டபத்திலயா? சேர் கேட்டா முழிக்கேலாது.

பழைய கோப்பு:
தம்பி, அந்த மண்டபம் திறந்ததே 1973ல, அதுவும் சைனா கட்டித் தந்தது. ஸ்லைட்ல அந்தப் படத்தைப் போட்டிடாதேங்கோ.

சூடு நிக்கிறது வேற, படை விலகிறது வேற. 1959 நவம்பர் 7ல இருந்த கட்டுப்பாட்டுக் கோட்டில இருந்து 20 கிலோமீற்றர் பின்னால போறம் எண்டுதான் சைனா சொன்னது, கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா அந்தக் கோடு எங்க போகுது எண்டதிலயே ரெண்டு பேருக்கும் ஒத்துவரேல்ல, இந்தியா கேட்டது 1962 செப்டம்பர் 8க்கு முதல் ஆரார் எங்க நிண்டவையோ அங்க போங்கோ எண்டு. கொழும்பு யோசனை லடாக் பக்கத்துக்கு என்ன சொல்லிச்சு எண்டா, சைனா சொன்ன 20 கிலோமீற்றர் போகட்டும், இந்தியா இருக்கிற இடத்தில இருக்கட்டும், காலியாகிற நிலத்தில ஆமி வேண்டாம், ரெண்டு பக்கத்தின்ர சிவில் போஸ்டும், அதாவது ஆமியில்லாத காவலிடமும் இருக்கட்டும். அம்மையார் 1963 ஜனவரியில பீகிங்குக்கும் டெல்லிக்கும் நேர போனவ. டெல்லி விளக்கம் கேட்டு எடுத்துக்கொண்டு முழுசா ஓம் எண்டுது. சைனா கொள்கையளவில ஓம், ஆனா நாங்கள் விட்டுட்டுப் போற நிலத்தில இந்தியா திரும்ப வரக்கூடாது, சிவில் போஸ்டும் கூடாது எண்டுது. முடிஞ்சுது.

ஊரில காணிச் சண்டையில விதானையார் வந்து பத்தடி தள்ளி நில்லுங்கோ எண்டா நிப்பினம். நடுவில நிக்கிற மாமரத்தில ஆர் காய் பிடுங்கிறது எண்டதிலதான் திரும்பக் கத்தி தூக்குவினம்.

தெமட்டகொட நாநா:
நல்ல கேள்வி தம்பி. 62ல கொழும்புக்கு வந்து புத்தி சொன்ன அதே எகிப்துக்கு 73ல என்ன நடந்த என்டும் பாருங்க. இஸ்ரேலோட நடந்த ஒக்டோபர் யுத்தம் நிக்கக்குள்ள அவங்கட மூணாவது படை சூயஸ் பக்கம் மாட்டிக்கிட்டு தண்ணி, சாப்பாடு போறதுக்கே இஸ்ரேல்ட தயவு வேணும். கெய்ரோ-சூயஸ் ரோட்டுல 101வது கிலோமீற்றர்ல கூடாரம் அடிச்சி எகிப்து ஜெனரல் கமாசியும் இஸ்ரேல் ஜெனரல் யாரிவும் ஐநா ஜெனரலுக்கு முன்னால உக்காந்து பேசின. பொறகு அமெரிக்க வெளிநாட்டு அமைச்சர் கிஸ்ஸிஞ்சர் பிளேன்ல அங்கயும் இங்கயும் ஓடி 1974 ஜனவரி 18ல கையெழுத்து. கால்வாய்க்குக் கிழக்கால எகிப்துக்கு 7000 பேர், 30 டாங்கி, அவ்வளவுதான். கால்வாயைத் தாண்டிப் புடிச்ச படைக்கு அது எவ்வளவு கஷ்டமா இருந்திருக்கும். ஆனா நடுவுல ஐநா நின்ட, மாமரத்துக்குக் காவல் இருந்த. அதே வருஷம் மே 31ல கோலான்லயும் இதே மாதிரித்தான். 62ல அந்த ஆள் இல்ல, சைனாக்கு ஐநாவுல சீட்டே 1971லதானே கெடச்ச.

சும்மா வாசிக்கிறவன்:
நடுவில ஆள் நிண்டா எல்லாம் சரியோ? 2002ல எங்கட அரசாங்கமும் புலிகளும் செய்த யுத்தநிறுத்த ஒப்பந்தத்திலயும் ரெண்டு படைக்கும் இடையில குறைஞ்சது 600 மீற்றர் எண்டு எழுதினவை, நோர்வேக்காரரும் மற்ற நோர்டிக் ஆக்களும் கண்காணிக்க வந்தவை, கையில துவக்கில்ல, எழுதிக்கொண்டு போனவை. அது ரெண்டு நாட்டுச் சண்டை இல்ல, தெரியும், திட்டாதேங்கோ.

வெள்ளவத்தைப் பொடியன்:
அப்ப 2020ல லடாக் கல்வான் பள்ளத்தாக்கில இந்திய, சீன ஆமி மோதினதுக்குப் பிறகும் நடுவில ஆருமில்லைதானே? எப்பிடி விலகினவை?

பழைய கோப்பு:
ஒருத்தருமில்ல, ரெண்டு பக்கத்துக் கோர் கமாண்டர்மார்தான் சுசூல்-மோல்டோ எண்ட எல்லைச் சந்திப்பிடத்தில சுத்துச் சுத்தா இருந்து கதைச்சவை. 2021 பெப்ரவரியில பாங்கொங் ஏரியில விலகினவை, டெப்சாங், டெம்சொக் எண்ட மற்ற இடங்கள் சரிவர 2024 ஒக்டோபர் ஆச்சு. பாங்கொங் வடகரையில இருக்கிற மலைமுகடுகளுக்கு ஃபிங்கர் எண்டு நம்பர் போட்டிருக்கு, சைனா ஃபிங்கர் 8க்கு அங்கால, இந்தியா ஃபிங்கர் 3க்குக் கிட்ட, இடையில ரெண்டு பேரும் ரோந்து போறேல்ல. 62ல ரெண்டு பேரும் போஸ்ட் வைக்கட்டும் எண்டவை, இங்க ஒருத்தரும் போகவேண்டாம் எண்டிட்டினம். எனக்கெண்டா ரெண்டாவதுதான் புத்தி.

தம்பி, மேப் போடேக்க சைனா சொல்லுற கோடு, இந்தியா சொல்லுற கோடு ரெண்டையும் ரெண்டு நிறத்தில போடுங்கோ. ஒரு கோடு மட்டும் இருக்கிற மேப் எடுத்தா அது ஒரு பக்கத்து மேப், உங்கட சேர் பிடிச்சிடுவார்.