ரோபோ பக்கத்தில் வேலை: விஆர்-ல் பாதுகாப்பு தூரத்தை எப்படிப் புரியவைப்பது?

தரமணி_சிவில்:
வணக்கம். பாலிடெக்னிக் மூன்றாம் ஆண்டு, 24 பேர், தலையில் மாட்டும் விஆர் (மெய்நிகர் காட்சி) ஹெட்செட் மெட்டா குவெஸ்ட் 3, மொத்தம் மூன்று இருக்கு. செங்கல் அடுக்கும் ரோபோ கையை யூனிட்டியில் (3டி மென்பொருள்) செய்து, ஆள் தரைக் கோட்டைத் தாண்டினால் அது நிற்கிற மாதிரி வைத்திருக்கிறோம். பசங்க நல்லா ஓட்டுறாங்க. எவ்வளவு தள்ளி நிற்கணும், ஏன்னு கேட்டால் பதில் வரலை.

செல்_சேஃப்டி:
கோட்டைத் தாண்டினதும் கை சட்டுனு உறைஞ்சு நிக்குதா சார்? அப்படின்னா அங்கேதான் தப்பு. நிஜ ரோபோ பிரேக் பிடிச்சு நிற்க நேரம் எடுக்கும்.

மெஷினிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கணும்னு சொல்ற ஐஎஸ்ஓ 13855 தரநிலையின் கணக்கு: ஆளின் நடை வேகம் × ரோபோ நிற்க ஆகும் மொத்த நேரம் + கூடுதல் தூரம். நடை வேகம் நொடிக்கு 1600 மி.மீ. ஆள் வர்றதைக் கண்டுபிடிக்கிற ஸ்கேனருக்கு 0.1 நொடி, ரோபோ கை நிற்க 0.5 நொடி, மொத்தம் 0.6 நொடின்னு வைங்க: 1600 × 0.6 = 960 மி.மீ. ஸ்கேனர் தரையிலிருந்து 300 மி.மீ. உயரத்தில் படுக்கையா இருந்தால் கூடுதல் தூரம் 1200 − 0.4 × 300 = 1080. மொத்தம் 2040 மி.மீ. சீனில் கோட்டை 1 மீட்டரில் ஒரு தடவை, 2.04-ல் ஒரு தடவை வைங்க. அந்த 0.6 நொடியும் கை ஓடட்டும். ஒரு மீட்டரில் செங்கல் பிடிச்ச கை தோள்மேல வந்து நிக்கும். அதுக்கப்புறம் கணக்கைப் போர்டில் போடுங்க, யாரும் மறக்க மாட்டாங்க.

கம்பி_கட்டு:
மேலே சொன்னது சரி. ஒண்ணு சேர்த்துக்கணும்: ஹெட்செட்டுக்குள் தூரம் உள்ளதைவிடக் குறைவாத் தெரியும். அதனால விஆர் முடிஞ்ச கையோட வெளியே கூட்டிட்டுப் போய், கண் அளவில் 2.04 மீட்டர் தள்ளி நிற்கச் சொல்லி, டேப் பிடிச்சுச் சரிபாருங்க. இதை விட்டுட்டா பாதிப் பாடம்தான்.

வெயிலில் ஹெட்செட்டை லென்ஸ் மேலே பார்க்க வைக்காதீங்க, திரை கருகிடும். நம்ம ஊர் வியர்வைக்கு ஸ்பாஞ்சை எடுத்துட்டு சிலிகோன் கவர் போடுங்க. லென்ஸை உலர்ந்த மைக்ரோஃபைபர் துணியால மட்டும் துடைங்க.

தரமணி_சிவில்:
நன்றி. டீச் பெண்டன்ட்டில் (ரோபோவைக் கையில் பிடித்து ஓட்டும் கருவி) இருக்கும் மூன்று நிலை பாதுகாப்பு சுவிட்சை விஆர் கன்ட்ரோலரிலேயே செய்யலாமா?

செல்_சேஃப்டி:
செய்யலாம். கன்ட்ரோலரின் கிரிப் பட்டனை (விட்டால் 0, முழுசா அழுத்தினால் 1) 0.3 முதல் 0.7 வரை அழுத்தினால் ரோபோ ஓடணும், விட்டாலும் முழுசா இறுக்கினாலும் நிற்கணும். வேகம் நொடிக்கு 250 மி.மீ. தாண்டக்கூடாது. ஆனா கிரிப்பில் அந்த நடு நிலை விரலுக்குத் தட்டுப்படாது. பயந்தால் நம்ம கை இறுகும். அந்த இறுக்கத்தில்தான் மெஷின் நிற்குதுங்கிறது விரலுக்குப் பழகணும். நிஜ சுவிட்ச் ஒண்ணு வாங்கி இஎஸ்பி32 (சின்ன கன்ட்ரோலர் போர்டு) வழியா சீனோட இணைச்சிடுங்க.