ஆர்.வி. ஃபர்னஸ், வாட்டர் ஹீட்டர், ஃபிரிட்ஜ் துவாரங்களுக்குப் பூச்சி வலை போடலாமா?

சாலைவாசி எழுதியது:

வணக்கம். டெக்சாஸில் 24 அடி டிராவல் டிரெய்லர், அதாவது வண்டிக்குப் பின்னால் இழுத்துப் போகும் ஆர்.வி. (வீட்டு வண்டி). சபர்பன் கம்பெனியின் ஃபர்னஸ் (காஸில் அறையைச் சூடாக்கும் கருவி) மணிக்கு 30,000 பி.டி.யு. வெப்பம், ஆறு காலன் வாட்டர் ஹீட்டர், காஸிலும் கரண்டிலும் ஓடும் அப்சார்ப்ஷன் ஃபிரிட்ஜ் (கம்ப்ரெசர் இல்லாமல் சூட்டைக் கொண்டு குளிர்விப்பது). வெயில் ஏற ஆரம்பித்தால் இங்கே மண்குளவித் தொல்லை. ஸ்பிரிங்கில் இழுத்து மாட்டும் ஸ்டீல் வலைகள் கடையில் கிடைக்கின்றன: ஃபர்னஸுக்கு வட்டமாக, ஹீட்டருக்குச் சதுரமாக, ஃபிரிட்ஜுக்கு நீளமாக. ஆனால் ஃபர்னஸ் கையேட்டில் வலை போடவே கூடாது என்று அச்சடித்திருக்கிறது. அப்படியானால் ஏன் விற்கிறார்கள்? வலை போடலாம் என்றால் கண் அளவு எவ்வளவு இருக்க வேண்டும்? ஜன்னலுக்கு வாங்கிய கொசுவலை மீதம் இருக்கிறது. அதையே வெட்டி ஒட்டிவிடலாமா?

நீலச்சுடர் எழுதியது:

கொசுவலையை முதலில் ஓரம் வையுங்கள். அது பிளாஸ்டிக் பூசிய கண்ணாடி இழை. ஹீட்டர், ஃபர்னஸ் புகை வாயில் அந்தச் சூட்டுக்கு உருகிச் சுருண்டுவிடும்.

மூன்று துவாரங்களுக்கும் ஒரே பதில் கிடையாது. ஃபர்னஸுக்கு, அது ஓடும் காலத்தில், வலை வேண்டாம். கையேட்டில் இருப்பது கம்பெனிக்காரர்கள் சும்மா தலை தப்ப எழுதிய வரி இல்லை. காரணத்தைச் சொல்கிறேன்.

வெளியே தெரியும் அந்த வட்ட மூடிக்குள் இரண்டு குழாய்கள். நடுக்குழாய் புகை வெளியேற, அதைச் சுற்றிய வளையம் எரிவதற்கான காற்று உள்ளே போக. உள்ளே ஒரே மோட்டார் இரண்டு விசிறிகளைச் சுற்றும்: ஒன்று அறைக் காற்றைத் தள்ள, இன்னொன்று எரிகாற்றை இழுக்க. உங்கள் ஃபர்னஸ் மணிக்கு ஏறக்குறைய 12 கன அடி புரொப்பேன் எரிக்கும். ஒரு பங்கு புரொப்பேன் முழுதாக எரிய 24 பங்கு காற்று வேண்டும். ஆக மணிக்கு 290 கன அடி காற்றாவது அந்தச் சின்ன வளையத்தின் வழியாக உள்ளே போயாக வேண்டும். அதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே போகும்படிதான் வடிவமைப்பு. வலை போட்ட அன்று ஒன்றும் தெரியாது. ஓக் மரப் பூந்தாதும், காட்டன்வுட் பஞ்சும், சாலைப் புழுதியும் ஒரு சீசன் அதில் படிந்த பிறகுதான் காற்று குறையும். சுடர் மஞ்சளாகும், கரி படியும், கார்பன் மோனாக்சைடு கூடும்.

இதில் பலர் கவனிக்காத ஒரு விஷயம். "காற்று போதவில்லை என்றால் செயில் சுவிட்ச் (காற்றோட்டம் இருந்தால்தான் பற்றவிடும் பாதுகாப்புச் சுவிட்ச்) நிறுத்திவிடுமே" என்பார்கள். பெரும்பாலான ஆர்.வி. ஃபர்னஸ்களில் அந்தச் சுவிட்ச் அறைக் காற்றுப் பக்கம் இருக்கிறது. எரிகாற்று அடைபட்டால் அதற்குத் தெரியவே தெரியாது.

குளிர்காலத்தில் இன்னொன்று. ஒரு கிலோ புரொப்பேன் எரிந்தால் 1.6 கிலோ நீராவி வரும். உங்கள் அளவு ஃபர்னஸ் நிற்காமல் ஓடினால் மணிக்கு ஒரு கிலோ தண்ணீர் அந்த வாய் வழியாகத்தான் போகும். கடுங்குளிரில், ஃபர்னஸ் நின்று நின்று ஓடும்போது, வலைக் கம்பியில் அது உறைவதற்கு இடம் கொடுப்பானேன்?

வேட்டுவன் எழுதியது:

நீலச்சுடர் சொன்னதில் எனக்குப் பாதி உடன்பாடு. வலை போடாததிலும் ஆபத்து உண்டு என்பதை விட்டுவிட்டார். மண்குளவிக்குச் சுண்டுவிரல் நுழையும் துளை கிடைத்தால் போதும், சில நாளில் களிமண்ணால் அடைத்து, உள்ளே சிலந்திகளைக் குஞ்சுக்கு இரையாகத் திணித்துவிடும். 1996 பிப்ரவரியில் டொமினிக்கன் குடியரசின் புவேர்ட்டோ பிளாட்டாவில் பிர்கன்ஏர் விமானம் கடலில் விழுந்து 189 பேர் இறந்தார்கள். வேகம் காட்டும் பிட்டோ குழாய் அடைபட்டிருந்தது. அடைத்தது பெரும்பாலும் மண்குளவிக் கூடாக இருக்கலாம் என்றுதான் விசாரணையில் சொன்னார்கள். ஊரில் குளவி கூடு கட்டினால் வீட்டில் பிள்ளை பிறக்கும் என்று கலைக்காமல் விடுவோம். ஃபர்னஸ் குழாயில் அந்தச் சலுகை கொடுக்க முடியாது.

என் யோசனை இது. குளவி கூடு கட்டுவது வெயில் காலத்தில். ஃபர்னஸ் ஓடுவது குளிர்காலத்தில். ஃபர்னஸை நிறுத்திய பிறகு வலையை மாட்டுங்கள், இலையுதிர்காலத்தில் முதல் முறை ஓட்டுவதற்கு முன் கழற்றுங்கள். மாட்டிய அன்றே 12 வோல்ட் பெட்டியில் ஃபர்னஸ் ஃபியூஸைப் பிடுங்கி, தெர்மோஸ்டாட் மேல் டேப்பால் ஒட்டி வையுங்கள். வலை இருப்பதை மறந்து யாரும் சுவிட்சைத் தட்டினாலும் ஓடாது. வெறுமனே சிவப்பு ரிப்பன் கட்டினால் போதும் என்பார்கள். ரிப்பன் வெளியே தொங்கும், சுவிட்ச் உள்ளே இருக்கும், இரவு இரண்டு மணிக்குக் குளிரும்போது யார் வெளியே போய்ப் பார்ப்பார்கள்?

ஸ்பிரிங் வலையை வருடம் முழுக்க விட்டால் இன்னொரு தொல்லை: புகைச் சூட்டில் ஸ்பிரிங் தளர்ந்து வலை ஒரு பக்கம் சரியும். அந்த இடைவெளி குளவிக்குத் தாராளம்.

கண் அளவுக்குக் கணக்கு இதோ. கால் அங்குலக் கம்பி வலை, கம்பி 0.64 மி.மீ. என்றால் 81 சதவீதம் திறப்பு, ஆனால் 5.7 மி.மீ. கண்ணில் குளவி உடலை நுழைத்துவிடும். அரைக்கால் அங்குல வலை, கம்பி 0.43 மி.மீ. என்றால் 75 சதவீதம் திறப்பு, கண் 2.7 மி.மீ. குளவி நிற்கும். அதைவிடப் பொடிக் கண்ணுக்குப் போனால் தூசி அடைப்பது மட்டும்தான் கூடும். சிலந்திக் குஞ்சை எந்த வலையும் நிறுத்தாது.

சாலைவாசி எழுதியது:

ஃபியூஸ் யோசனை நன்று. ஹீட்டர் பற்றியும் கேட்க வேண்டும். பற்றவைக்கும்போது சில விநாடி கழித்து "டுப்" என்ற சத்தம். சுடர் முனையில் மஞ்சள். கதவின் மேல் ஓரத்தில் பெயின்ட் கறுத்திருக்கிறது. இப்படியே வலையைப் போட்டுவிடலாமா?

நீலச்சுடர் எழுதியது:

கூடாது. இப்போது வலை போட்டால் பூச்சியை உள்ளே வைத்துப் பூட்டுவதுதான். நீங்கள் சொன்ன மூன்று அடையாளமும் ஒரே இடத்தைக் காட்டுகின்றன: பர்னர் குழாய்க்குள் சிலந்திவலை அல்லது மண். காஸ் முன்னே போக முடியாமல் தேங்குகிறது, தாமதமாகப் பற்றுகிறது, அதுதான் சத்தம். சுத்தம் செய்யும் வரை காஸில் ஓட்டாதீர்கள்.

சிலிண்டரில் காஸை மூடுங்கள். ஹீட்டர் சுவிட்ச், மின்சார எலிமென்ட் இரண்டையும் அணையுங்கள். ஒரு மணி நேரம் ஆறட்டும். கதவைக் கழற்றி, எதையும் தொடுவதற்கு முன் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஏர் ஷட்டர் (பர்னருக்குள் போகும் காற்றைக் கூட்டிக் குறைக்கும் தகடு) எவ்வளவு திறந்திருந்தது என்பது பிறகு தேவைப்படும். பர்னர் குழாயைப் பிடித்திருக்கும் திருகைக் கழற்றி, குழாயை வெளியே எடுத்து, வளையும் பிரஷை இரு முனையிலிருந்தும் விடுங்கள். பால் புட்டி கழுவும் மெல்லிய பிரஷ் போதும். ஒரு முனையில் டார்ச் அடித்து மறு முனையில் வெளிச்சம் முழு வட்டமாகத் தெரிகிறதா பாருங்கள். தெரிந்தால்தான் சுத்தம். மேலே புகை வெளியேறும் குழாயிலும் பிரஷ் விட்டு, உதிர்ந்த கரியையும் மண்ணையும் வேக்யூம் வைத்து உறிஞ்சுங்கள். ஊதினால் கண்ணாடி போட்டுக்கொண்டு ஊதுங்கள், கரி கண்ணில் விழும்.

பித்தளை ஆரிஃபிஸை (காஸ் வரும் சிறு துளையுள்ள முனை) குண்டூசியால் குத்துவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. துளை ஒரு நூலளவு பெரிதானாலே காஸ் கூடும், காற்று போதாது, கரி நிரந்தரமாகிவிடும். ஆல்கஹாலில் ஊறவைத்து ஊதுங்கள். அடைப்பு போகவில்லையா, அதே எண் போட்ட புது ஆரிஃபிஸ் வாங்குங்கள்.

திரும்ப மாட்டும்போது ஆரிஃபிஸ் முனை பர்னர் குழாயின் நடுவை நேராகப் பார்க்க வேண்டும். சபர்பன் ஹீட்டரானால் ஏர் ஷட்டர் கால்வாசி திறந்திருக்கட்டும். காஸைத் திறந்து, கழற்றிய ஒவ்வொரு இணைப்பிலும் சோப்பு நுரை தடவிக் குமிழி வருகிறதா பாருங்கள். பிறகு பற்றவையுங்கள். முதல் சில நிமிடம் ஆரஞ்சுப் பொறி பறக்கும், அது தூசி. அதன் பின்னும் மஞ்சள் என்றால் ஷட்டரைக் கொஞ்சம் திறக்கவும். சுடர் பர்னரை விட்டுத் தள்ளி நின்று இரைந்தால் கொஞ்சம் மூடவும். இதெல்லாம் செய்தும் சுடர் சோம்பலாக இருந்தால் ரெகுலேட்டரைச் சந்தேகிக்கலாம். காஸ் அழுத்தம் 11 அங்குல நீர்மட்டம் (தண்ணீரை அந்த உயரத்துக்குத் தள்ளும் அழுத்தம்) இருக்க வேண்டும். அழுத்தம் அளக்கும் மானோமீட்டர் இல்லாமல் ரெகுலேட்டரைத் தொட வேண்டாம்.

ஹீட்டர் கதவுக்கு அரைக்கால் அங்குல ஸ்டெயின்லெஸ் வலை போடலாம், உங்கள் மாடலின் கையேடு தடுக்கவில்லை என்றால். பிளாஸ்டிக் டை வேண்டாம், ஸ்டெயின்லெஸ் கம்பியால் கட்டுங்கள். மாதம் ஒரு முறை பல் விளக்கும் பிரஷால் தேயுங்கள். அந்தப் பொறுமை இல்லாதவர் வலையே போடாமல், சீசனுக்கு இரண்டு முறை கதவைத் திறந்து பார்ப்பது நல்லது.

பனிப்பெட்டி எழுதியது:

ஃபிரிட்ஜை எல்லோரும் மறந்துவிட்டீர்கள். வலை தயங்காமல் போடக்கூடிய இடம் அதுதான், ஆனால் வெளியிலிருந்து அந்த நீள ஸ்பிரிங் வலைகளை மாட்டுவதைவிட, கீழ்க் கதவைக் கழற்றி உட்புறம் முழுவதும் அரைக்கால் அங்குல வலையைப் படிய வைத்து, கதவின் இடுக்குகள் வழியாக டை கட்டுவது மேல். அங்கே சூடு குறைவு, பிளாஸ்டிக் டை தாங்கும். முழுக் கதவும் வலையாவதால் திறப்பு அதிகம் குறையாது. இந்த ஃபிரிட்ஜுக்கு விசிறி கிடையாது. கீழே குளிர்ந்த காற்று நுழைந்து, பின்புறச் சூட்டை எடுத்துக்கொண்டு கூரை வழியே போவதில்தான் எல்லாம் இருக்கிறது. பொடிக் கண் வலை போட்டுவிட்டு, ஜூலையில் ஃபிரீசர் உருகுகிறது என்று கேட்காதீர்கள்.

டேப் போட்டு அடைக்கவே அடைக்காதீர்கள். புரொப்பேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம். கசிந்தால் தரையோடு ஓடி அந்தக் கீழ்த் துவாரம் வழியாகத்தான் வெளியேறும்.

வலை போட்டாலும் வருடம் ஒரு முறை பர்னர் பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டும். அங்கே சுடரைக் கெடுப்பது சிலந்தி மட்டும் இல்லை. மேலே புகைக்குழாயிலிருந்து துருச் செதில் உதிர்ந்து பர்னர் மேல் விழும். கசிவு தெரிய வேண்டும் என்று காஸில் கலக்கும் மெர்காப்டனின் நாற்றம் சிலந்தியை இழுக்கும் என்பது பழைய பேச்சு. பெட்ரோல் வாடைக்குச் சில சிலந்திகள் வருவது தெரிந்த சங்கதி: 2009, 2010 மாடல் மஸ்தா 6 கார்களை 2011-இல் திரும்ப அழைத்ததற்குக் காரணம், எரிபொருள் ஆவிக் குழாயில் மஞ்சள் சாக் சிலந்தி கட்டிய வலை.

கூரைத் துவாரத்தையும் ஏணி போட்டு ஒரு தடவை பாருங்கள். கம்பெனியே வைத்த வலை பல வண்டிகளில் மூலையில் கிழிந்து, பறவை உள்ளே போய்க் கூடு கட்டியிருக்கும். காய்ந்த புல் அடியில் இருக்கும் காஸ் சுடரை நோக்கி விழுந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அங்கே கால் அங்குல வலையே போதும்.

சாலைவாசி எழுதியது:

ஹீட்டர் குழாயில் இரண்டு அங்குல நீளத்துக்கு மண் இருந்தது, எடுத்தாயிற்று. இப்போது நீலச் சுடர், சத்தம் இல்லை. கதவு கறுத்த இடத்தில் சூடு தாங்கும் பெயின்ட் அடிக்கலாமா?

நீலச்சுடர் எழுதியது:

அடிக்கலாம், ஆனால் இரண்டு வாரம் ஓட்டிய பிறகு. துடைத்து வைத்துவிட்டுத் திரும்பக் கறுக்கிறதா பாருங்கள். கறுத்தால் குழாயை மறுபடி கழற்றுங்கள், ஷட்டரையும் பாருங்கள். பெயின்ட் முதலிலேயே அடித்துவிட்டால் அந்த அடையாளம் போய்விடும். கார்பன் மோனாக்சைடு அலாரத்தின் பின்புறத் தேதியையும் பாருங்கள். 5 முதல் 7 வருடத்துக்குள் மாற்ற வேண்டியவை அவை.