நின்றபடி தூண்டில் போட எந்தக் கயாக்? 34 அங்குலம் போதுமா, 38 வேண்டுமா?

ஓரக்கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். இரண்டு வருஷமாக ஒரு சின்னக் கயாக்கில் (துடுப்புப் போட்டு ஓட்டும் ஒடுங்கிய படகு) மீன் பிடிக்கிறேன். 10 அடி நீளம், 28 அங்குல அகலம், குழிக்குள் காலை நீட்டி உட்காரும் வகை. மீன் கிடைக்காமல் இல்லை, இடுப்புதான் ஒத்துழைக்க மாட்டேன் என்கிறது. மூன்று மணி நேரம் கழித்துக் கரைக்கு வந்தால் எழுந்திருக்க யாராவது கை கொடுக்க வேண்டியிருக்கிறது. இன்னொரு வயிற்றெரிச்சலும் உண்டு. நின்றுகொண்டு போகிறவர்கள் நாணல் ஓரத்தில் மீன் நிற்பதைப் பார்த்துவிட்டு வீசுகிறார்கள். உட்கார்ந்திருக்கிற எனக்குத் தண்ணீர்மேல் வெயில் பளபளப்பதுதான் தெரிகிறது.

போன வாரம் என் கயாக்கிலேயே எழுந்து நிற்கப் பார்த்தேன். பாதி எழுந்த நிலையில் கண்ணாடி, தொப்பி, லூர் (செயற்கை இரை) பெட்டி எல்லாவற்றோடும் உள்ளே போனேன். பெட்டி மட்டும் மிதந்தது.

இப்போது மூன்று யோசனை இருக்கிறது. ஒன்று, 12 அடி நீளம், 34 அங்குல அகலத்தில் மேலே உட்காரும் கயாக், 38 கிலோ. இரண்டு, 13 அடிக்கு மேல் நீளம், 38 அங்குலம், பெடல் வைத்தது, 55 கிலோவைத் தாண்டும். மூன்று, இருப்பதற்கே இரண்டு பக்கமும் மிதவை மாட்டிவிடுவது.

என் எடை 84 கிலோ, உயரம் 180 செ.மீ. பெரும்பாலும் ஏரிதான், மதியத்துக்கு மேல் காற்று உண்டு. தனியாகப் போவேன், கார் கூரையில் தனியாகத்தான் ஏற்ற வேண்டும். எது சரிவரும்?

அகலவாய் எழுதியது:

38. யோசிக்கவே வேண்டாம். அகலம் கூடினால் ஆட்டம் குறையும், அவ்வளவுதான் விஷயம். என்னுடையதில் நின்றுகொண்டு குனிந்து ஷூ கயிறுகூடக் கட்டியிருக்கிறேன்.

தக்கை எழுதியது:

அகலவாய் சொல்வது பொய்யில்லை. ஆனால் பாதிதான். பதினோரு வருஷத்தில் நான் நாலு கயாக் மாற்றியவன். தண்ணீரில் விழுந்த கணக்கு வைத்துக்கொள்ளவில்லை. அந்தத் தகுதியில் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அகலம். மற்றதெல்லாம் ஒரே மாதிரி இருந்தால், படகு சாயாமல் எதிர்த்து நிற்கிற பலம் அகலத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும். உங்கள் 28-ஐ மூன்று முறை பெருக்கினால் 21,952. 34-க்கு 39,304. அதாவது ஆறே அங்குலம் கூட்டினதும் கிட்டத்தட்ட 80 சதவீதம் கூடுதல். 34-லிருந்து 38-க்குப் போனால் அதற்கு மேல் இன்னொரு 40 சதவீதம். காகிதத்தில் பார்த்தால் அகலவாய் ஜெயித்துவிட்டார்.

ஆனால் விளம்பரத்தில் போடும் அகலம் கயாக்கின் மிக அகலமான இடத்தில், பெரும்பாலும் மேல் விளிம்பில் அளந்தது. தண்ணீர் தொடுகிற இடத்தில் அது எவ்வளவு, நீங்கள் நிற்கப்போகிற இடத்தில் எவ்வளவு என்று யாரும் எழுத மாட்டார்கள். 34 என்று போட்ட ஒரு கயாக்கில் கால் வைக்கிற பள்ளம் என் இரண்டு பாதத்தையும் ஒட்டவைத்தால்தான் கொள்ளும் அளவுக்குக் குறுகல். அந்த அகலத்தை வைத்து என்ன செய்ய? கம்பிமேல் நிற்கிற மாதிரிதான். அதனால் டேப் எடுத்துக்கொண்டு போங்கள். சீட்டுக்கு முன்னால் தட்டையான தரை இருக்கிறதா, அதில் உங்கள் தோள் அகலத்துக்குக் காலை விரித்து, குதிகாலும் விரலும் முழுதாகப் படிய நிற்க முடிகிறதா என்று பாருங்கள். நடுவில் ஒரு மேடு, கப் வைக்கிற குழி, திருகு மூடி என்று எதுவும் காலடியில் இருக்கக் கூடாது.

இரண்டாவது, அடிப்பாகத்தின் வடிவம். முதல்நிலை உறுதி, இரண்டாம்நிலை உறுதி என்று இரண்டு சொல்வார்கள். நான் எனக்குள் வைத்திருக்கிற பெயர் ஆடாத குணம், கவிழாத குணம். இரண்டும் ஒன்றில்லை. தட்டை அடிக்கு ஆடாத குணம் அதிகம். ஏறி நின்றவுடன் திண்ணை மாதிரி இருக்கும், வாங்கிவிடுவீர்கள். ஆனால் ஒரு அளவுக்குமேல் சாய்ந்துவிட்டால் முன்னறிவிப்பே இல்லாமல் கொட்டிவிடும். கொஞ்சம் உருண்டையாக, பக்கவாட்டு விரிந்து மேலேறுகிற அடி எடுத்தவுடன் ஆடும், பயமாக இருக்கும். சாயச் சாயத்தான் அதன் விளிம்பு தண்ணீரில் உட்கார்ந்து உங்களைத் திருப்பித் தள்ளும். நின்று மீன் பிடிக்க இரண்டும் வேண்டும் என்பதால்தான் நடுவில் பள்ளம் விட்டு இரண்டு ஓரமும் கீழே இறங்கிய அடிகள் வந்தன. கேட்டமரன் ஹல் என்று பெருமையாகப் போட்டிருப்பார்கள். நம் கட்டுமரம் ஊர் சுற்றிவிட்டு வேறு பெயரில் திரும்பி வந்திருக்கிறது. நம்முடையது மரங்களை ஒட்டிக் கட்டியது, இது இரண்டு கால் மாதிரிப் பிரிந்தது. சொல் மட்டும்தான் ஒட்டிக்கொண்டது.

கடையில் தரையில் வைத்து ஏறி நின்று பார்க்காதீர்கள், எந்தக் கயாக்கும் தரையில் கவிழாது. தண்ணீரில் ஒரு மணி நேரம் கேளுங்கள். இடுப்பளவு ஆழத்தில் கயாக்கின்மேல் நின்று, வேண்டுமென்றே ஒரு பக்கமாகச் சாய்ந்து, எந்த இடத்தில் அது கைவிடுகிறது என்று பாருங்கள். எங்கே கவிழும் என்று உடம்புக்குத் தெரிந்துவிட்டால் பயம் பாதி போய்விடும்.

மூன்றாவது எடை. அதிகபட்ச பாரம் 180 கிலோ என்று போட்டிருந்தால், நிற்பதற்கு நான் மூன்றில் இரண்டு பங்குதான் கணக்கு வைப்பேன், அதாவது 120. நீங்கள் 84, சாமான் 20 என்றால் 104. தாராளம். 140 என்று போட்ட கயாக்கில் இதே பாரத்தோடு ஏறினால் மிதக்கும், ஆனால் விளிம்பு தண்ணீருக்குக் கிட்டே வந்துவிடும். சாய இடமிருக்காது.

இப்போது என் கதை ஒன்று. மூன்றாவது கயாக் 33 அங்குலம். வாங்கின முதல் மாதம் அதில் நின்றே காலை முழுக்கப் பிடித்தேன். பிறகு ஒருநாள் திடீரென்று அதற்குக் குணம் மாறிவிட்டது. ஏறியவுடன் சரியாக இருக்கும். ஒரு மணி நேரம் கழித்து நின்றால், நான் இடதுபக்கம் ஒரு விரலளவு சாய்ந்தால் அது ஒரு சாண் சாயும். வலதுபக்கம் சரிக்கட்டினால் அந்தப் பக்கம் ஓடும். எனக்கு வயசாகிவிட்டது, காதில் ஏதோ கோளாறு, தலைசுற்றல் என்று டாக்டரிடம்கூடப் போனேன். விற்கிறேன் என்று விளம்பரமும் போட்டாயிற்று. பார்க்க வந்தவரும் நானும் ஆளுக்கொரு முனையைத் தூக்கினோம். உள்ளே களக் களக் என்று சத்தம். அவர் என்னைப் பார்த்தார், நான் கயாக்கைப் பார்த்தேன். பின்பக்கத்து வடிகால் திருகைத் திறந்துவிட்டுச் சாய்த்தால் ஒரு வாளிக்கு மேல் தண்ணீர் வந்தது.

ஒரு வாளித் தண்ணீர் என்ன செய்துவிடும் என்று நினைக்காதீர்கள். கட்டிவைத்த பாரம் இருந்த இடத்தில் இருக்கும். தண்ணீர் நீங்கள் சாய்கிற பக்கமே ஓடிப்போய் உங்களோடு சேர்ந்து சாயும். காரணம், மேலே விழும் தண்ணீர் கீழே வடிவதற்காக விட்டிருக்கும் தரைத்துளைக் குழாய் ஒன்றில் முடி மாதிரி ஒரு விரிசல். அந்தத் துளைகளில் சொருகுகிற தள்ளுவண்டியில் முழுச் சாமானோடு கற்கள்மேல் இழுத்தது நான்தான். கண்டுபிடித்த விதம், சோப்புத் தண்ணீரை அடியெல்லாம் பூசி, வடிகால் துளை வழியாக மெதுவாக வாயால் ஊதினேன். விரிசலில் குமிழி கட்டிக்கொண்டு நின்றது. பழைய கயாக் வாங்குவதாக இருந்தால் இதை அவசியம் செய்யுங்கள்.

உங்கள் கேள்விக்கு: 34, அதுவும் காலடி தட்டையாக இருந்தால் மட்டும். 55 கிலோவைத் தனி ஆளாகக் கூரையில் ஏற்றுவேன் என்று நம்புகிற இடுப்பு, மூன்று மணி நேரம் உட்காரவே அழாதே?

பெடல்காரன் எழுதியது:

தக்கை அண்ணன் பெடலைத் தொடவே இல்லை, அதனால் நான். ஹோபி நிறுவனம் 1997-இல் மிராஜ் டிரைவ் என்ற பெடல் கருவியைக் கொண்டுவந்த பிறகு கயாக் மீன்பிடிப்பே மாறிவிட்டது. கை இரண்டும் தூண்டிலுக்கு, ஓட்டுவது கால். அதில் சுழலும் விசிறி (புரொப்பெல்லர்) கிடையாது, அடியில் இரண்டு துடுப்புச் சிறகு பக்கவாட்டில் அடிக்கும். ஒரு பெடலை முழுக்க முன்னால் தள்ளினால் சிறகு அடிப்பாகத்தோடு ஒட்டிப் படுத்துவிடும், ஆழமில்லாத இடத்திலும் போகலாம். விசிறி வைத்தவற்றில் பின்னால் போவது சுலபம். ஆனால் நிறைய மாடல்களில் விசிறியைத் தூக்கினால் மொத்தக் கருவியும் சரியாக நீங்கள் நிற்க வேண்டிய இடத்தில் வந்து படுத்துக்கொள்ளும். வாங்கும் முன் கருவியைத் தூக்கிவைத்த நிலையில் நின்று பாருங்கள்.

மிதவை மாட்டுவது பற்றி ஒரு வரி. உங்கள் கயாக் குழிக்குள் உட்காரும் வகை. மிதவை மாட்டினால் ஆடாது, சரி. ஆனால் எழுந்து நிற்க அதில் இடமே இல்லையே. தவிர, பெரிய மீன் வரும்போது நூல் மிதவைக் கம்பியில் சுற்றும். எனக்குச் சுற்றியது, மீன் போனது.

ஓரக்கரை எழுதியது:

தக்கை அண்ணா, கடைசி வரி குத்திவிட்டது, ஆனால் நியாயம். இரண்டு சந்தேகம். உயரமான சீட் நல்லதா கெட்டதா? எழுந்திருக்கிற அந்தப் பாதி வழியில்தானே நான் விழுந்தேன், அதற்கு ஏதாவது முறை இருக்கிறதா?

தக்கை எழுதியது:

தம்பி, சீட் உயரம் இரண்டு பக்கமும் வெட்டும். உட்கார்ந்திருக்கும்போது தாழ்வாக இருந்தால்தான் நல்லது. தாழ்ந்த சீட்டில் உங்கள் எடையின் மையம் தரையிலிருந்து ஒரு முழத்துக்குள் அடங்கும். நின்றால் தொப்புள் அளவு, உங்கள் உயரத்துக்கு ஒரு மீட்டர். ஆனால் தாழ்ந்த சீட்டிலிருந்து எழுவது கிணற்றிலிருந்து ஏறுகிற மாதிரி, பாதி வழியில் ஒரு உலுக்கு உலுக்கித்தான் எழ வேண்டும். உங்களைத் தள்ளியது அந்த உலுக்கல். அதனால் இரண்டு உயரம் வைக்கக்கூடிய சீட் பாருங்கள். அலை இருந்தால் கீழே, நின்று பிடிக்கப்போகிறீர்கள் என்றால் மேலே.

எழுகிற முறை: பாதம் இரண்டையும் சீட்டுக்கு நெருக்கமாக இழுத்து, அகல வைக்கவும். முன்னால் டெக்கில் (மேல்தளத்தில்) கட்டிய வார் ஒன்று இருக்கும், இல்லாவிட்டால் ஒன்று கட்டுங்கள். அதைப் பிடித்து மூக்கு முழங்காலுக்கு மேல் வரும்வரை முன்னால் குனிந்து, பிறகு காலால் எழ வேண்டும். கையால் இழுத்து எழக் கூடாது. நின்ற பிறகு முழங்கால் கொஞ்சம் மடங்கியே இருக்கட்டும். விறைப்பாக நிற்கிறவன்தான் முதலில் விழுவான். பார்வை கரையில் தூரத்து மரத்தில், காலடியில் இல்லை. துடுப்பு குறுக்காகக் கைக்கெட்டும் இடத்தில்.

ஆடினால் எதையும் பிடிக்கப் போகாமல் அப்படியே சீட்டில் உட்கார்ந்துவிடுங்கள். சீட் பின்னங்காலைத் தொட்டுக்கொண்டே இருக்கிற மாதிரி நின்றால் இது தானாக வரும். பெரிய மீன் பக்கவாட்டில் இழுத்தாலும் இதே வைத்தியம், உட்கார்ந்து கோலை முன்பக்கம் திருப்பினால் கயாக்கே மீன் பின்னால் திரும்பிக்கொள்ளும்.

விழுந்தபின் ஏறுவதையும் அதே இடுப்பளவுத் தண்ணீரில் பழகுங்கள். பக்கவாட்டில் பிடித்து, கால் இரண்டையும் பின்னால் உதைத்து உடம்பை மட்டமாக மிதக்கவிட்டு, வயிறு டெக்கில் வரும்வரை இழுத்து, பிறகு புரண்டு உட்கார வேண்டும். கயாக்கைக் கீழே அமுக்கி ஏறப் பார்த்தால் அது மறுபடி உங்கள்மேல் கவிழும். லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டே பழகுங்கள், அதன் முன்பக்கத் தடிப்பு ஏறும்போது விளிம்பில் தட்டும்.

கூரையில் ஏற்றுவதற்கு ஒரு வழி: மொத்தத்தையும் தூக்காதீர்கள். காருக்குப் பின்னால் நீளவாக்கில் வைத்து, மூக்கை மட்டும் தூக்கிப் பின்பக்கக் கம்பியில் சாய்த்து, பிறகு வாலைத் தூக்கித் தள்ளுங்கள். 38 கிலோவில் ஒரு தடவைக்குப் பாதிதான் உங்கள் கையில்.

ஓரக்கரை எழுதியது (மூன்று வாரம் கழித்து):

34 வாங்கிவிட்டேன். டேப்போடு போனதைப் பார்த்து விற்பவர் தையல்காரரா என்று கேட்டார். பாதத்துக்கு நடுவில் 42 செ.மீ. கிடைக்கிறது. சோதனை நாளில் வேண்டுமென்று நாலு தடவை விழுந்தேன், தெரியாமல் ஒரு தடவை. கை நழுவிய இடுக்கியைக் குனிந்து பார்த்தேன், அவ்வளவுதான். இடுக்கியை இப்போது கயிற்றில் கட்டிவைத்திருக்கிறேன்.

நேற்று நாணல் ஓரம் மூன்று கெண்டை தலையைக் கீழே விட்டு மேய்ந்துகொண்டிருந்ததை நின்றபடி பார்த்தேன். வீசத் தோன்றவே இல்லை, கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். வீசியபோது போய்விட்டன.

ஒரே தொல்லை, நின்றால் காற்றுக்கு நான் பாய்மரம் மாதிரி ஆகிவிடுகிறேன், பத்து நிமிஷத்தில் நடு ஏரி. நங்கூரத்தை எங்கே கட்டுவது? பக்கத்தில் கைப்பிடி ஒன்று வாகாக இருக்கிறது.

தக்கை எழுதியது:

அந்தக் கைப்பிடியில் மட்டும் கட்டாதே! நடுவில் பக்கவாட்டில் கட்டினால் காற்றும் நீரோட்டமும் உன்னைக் குறுக்கே நிறுத்தி, கயிறு அந்த விளிம்பைக் கீழே இழுக்கும். மூக்கில் அல்லது வாலில். உட்கார்ந்த இடத்திலிருந்தே நங்கூரம் கட்டிய இடத்தை முன்னும் பின்னும் நகர்த்த ஓரமாக ஒரு கயிற்று வளையம் ஓட்டலாம், அதைப் படம் போட்டுத்தான் சொல்ல முடியும். தனி இழை தொடங்கு, வருகிறேன்.